கதவில்லாத கார்

ஒஸ்லோவில் எங்கள் இயன்முறை சிகிச்சை மையத்துக்கு முதல் நாள் அவர் ஊன்றுகோல் இல்லாமல்தான் நடந்து வந்தார். இடுப்பெலும்பில் தகடு, இடது குதிகாலில் ஆணிகள், தோளெலும்பில் ஒரு முறிவு. மருத்துவமனைக் குறிப்பின்படி அவர் இன்னும் சில வாரங்களுக்கு இரண்டு ஊன்றுகோல்களோடுதான் நடக்க வேண்டும். நான் குறிப்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் என் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைப் படித்துவிட்டு, "தமிழோ?" என்றார்.

"ஆமாங்க. திருச்சி."

"நான் யாழ்ப்பாணம். ஆனா அஞ்சு வயசில வந்திட்டன். அப்ப நோர்வே எண்டும் சொல்லலாம்."

படுக்க வைத்து இடுப்பைத் தொட்டேன். "வலிக்குதா?" என்றேன்.

"நோ இல்லை."

இரண்டு மொழியில் மறுக்கிறார் என்று நினைத்தேன். அவர்கள் பேச்சில் வலிக்குத்தான் 'நோ' என்று பெயர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்த ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு முறை கேட்டிருப்பேன். ஏழெட்டு முறையும் அதே பதில். அவர் விடைபெற்றுப் போன பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சைக்கிள் நிறுத்தும் கம்பிகளுக்குப் பின்னாலிருந்து இரண்டு ஊன்றுகோல்களை எடுத்தார். அவற்றின் மேல் முழு எடையையும் போட்டுக்கொண்டு, தலையைத் தொங்கவிட்டபடி வெகுநேரம் அசையாமல் நின்றார். அதற்குப் பிறகுதான் நகர்ந்தார்.

என்னிடம் வருகிறவர்கள் பொதுவாக வலியைக் கூட்டிச் சொல்வார்கள், அல்லது சரியாகச் சொல்லத் தெரியாமல் தடுமாறுவார்கள். அதை ஒளித்து வைத்துவிட்டு உள்ளே வந்த ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

அவர் ஸ்டாக் கார் பந்தய ஓட்டுநர். முந்தைய பருவத்தில் கார் சுவரில் மோதியதில்தான் அந்த முறிவுகள். அதுதான் அவருக்குத் தொழில், சம்பளம், எல்லாம். பார்வைக்குச் சாதாரணக் கார் போல இருக்கும். உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டும் ஒற்றை இருக்கையும் தவிர ஒன்றும் இருக்காது. ஐரோப்பா முழுக்க ஊர் ஊராகப் போய் ஓட்டுவார்கள். ஒஸ்லோத் தமிழர்களுக்கு அவரைப் பற்றிப் பெருமையும் உண்டு, பிள்ளைகள் அந்தப் பக்கம் போய்விடக்கூடாதே என்ற பயமும் உண்டு. வடக்கே மீன் தொழிற்சாலை ஊரொன்றில் வளர்ந்தவர். அங்கே பதின்ம வயதுப் பிள்ளைகள் பழைய கார்களை வாங்கிச் சரளைக் கல் தடத்தில் முட்டி மோதி ஓட்டுவார்களாம். "வேறை என்ன செய்யிறது அக்கா, ஒண்டில் மீன் வெட்டவேணும், இல்லாட்டி கார் ஓடவேணும்," என்பார்.

ஆள் குள்ளம். கழுத்து மட்டும் அந்த உடம்புக்குப் பொருந்தாத தடிமன். வளைவுகளில் தலையை நேராகப் பிடித்துப் பிடித்து அப்படி ஆகிவிட்டது. எப்போதும் பத்து நிமிடம் முன்னதாக வருவார். பயன்படுத்திய துண்டை நாலாக மடித்து வைத்துவிட்டுத்தான் போவார்.

அவருடைய உடம்பைப் படிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. முகத்தில் ஒன்றும் தெரியாது. மூச்சு மாறாது. ஆனால் வலி வரும்போது அவர் என்னிடம் ஏதாவது கேட்பார். குதிகாலை மெல்ல மடக்கிக்கொண்டு போவேன், ஓர் இடம் வந்ததும், "உங்கட மகன் இப்ப எத்தினையாம் வகுப்பு?" என்பார். இன்னும் கொஞ்சம் மடக்கினால், "கணக்கில கெட்டிக்காரனோ?" அதற்கும் மேல் போனால் என் மாமியாரின் சர்க்கரை அளவு வரை விசாரிப்பார். அக்கறையான குரலில், என் கண்ணைப் பார்த்துக் கேட்பார். முதலில் எத்தனை நல்ல மனிதர் என்று நினைத்தேன். பிறகு, என் வீட்டைப் பற்றி அவர் கேட்கத் தொடங்கினால் கையை நிறுத்திவிடப் பழகினேன்.

எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. மருத்துவமனை எக்ஸ்ரேயில் தெரியாததை அவருடைய விசாரிப்பை வைத்துக் கண்டுபிடிக்கிறேன் என்ற பெருமை.

குளிர்காலம் முழுக்க உழைத்தோம். அவரைப் போல உழைத்தவரை நான் பார்த்ததில்லை. பனிப்புயல் நாளில் பேருந்து நின்றுவிட்டால், நடந்தாவது வருவார். அவருக்கு ஒரே இலக்கு. வசந்தத்தில் பந்தயப் பருவம் தொடங்குமுன் அவர் ஒரு சோதனையில் தேற வேண்டும். அந்தக் கார்களுக்குத் திறக்கும் கதவு கிடையாது. ஜன்னலில் ஒரு வலை தொங்கும். வார்களை அவிழ்த்து, ஸ்டியரிங்கைக் கழற்றி எறிந்து, வலையைத் தள்ளி, ஜன்னல் வழியாக யாருடைய உதவியும் இல்லாமல் சில வினாடிகளுக்குள் வெளியே வந்து நிற்க வேண்டும். தீப்பிடித்தால் பிழைப்பதற்கான வழி அது. அதைச் செய்து காட்டாதவரைக் காரில் ஏற்ற மாட்டார்கள்.

எங்கள் உடற்பயிற்சிக் கூடத்திலேயே ஒரு ஜன்னல் செய்தோம். இரண்டு மேசை, நடுவில் ஒரு மெத்தை, மேலே குறுக்காக ஒரு மரக்கட்டை. உள்ளே ஒரு தாழ்ந்த நாற்காலி. நான் நிறுத்துகடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். முதல் நாள் பாதி உடம்பு வெளியே வந்ததும் மாட்டிக்கொண்டார். அங்கேயே தொங்கியபடி, "அக்கா, திருச்சியில இப்ப நல்ல வெயிலோ?" என்று கேட்டார். நான் ஓடிப்போய்த் தாங்கினேன்.

பிப்ரவரி முடிவதற்குள் அனுமதித்த நேரத்தில் பாதிக்குள்ளேயே வெளியே வரத் தொடங்கிவிட்டார். மற்ற நோயாளிகள் கைதட்டுவார்கள். எங்கள் மேலாளர் அதைப் படமெடுத்து வரவேற்பறைச் சுவரில் மாட்டினார். படத்தில் அவர் பாதி ஜன்னலுக்கு வெளியே, நான் கடிகாரத்தோடு பக்கத்தில். ஒஸ்லோவுக்கு வந்து, நார்வேஜிய மொழி படித்து, பட்டத்துக்கு அங்கீகாரம் வாங்கி, யாரும் என் பெயரைச் சரியாக உச்சரிக்காத அந்த மையத்தில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அந்தப் படம். இதைச் சொல்லாமல் அடுத்ததைச் சொன்னால் நான் என்னைக் காப்பாற்றிக்கொள்வது போல ஆகிவிடும்.

ஏனென்றால் அதே நாட்களில் நான் வேறு சிலவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தொப்பியைப் புருவம் வரை இறக்கிப் போட்டுக்கொண்டு வரத் தொடங்கினார். மேலே எரியும் குழல் விளக்கை அணைக்கச் சொன்னார். இருபது முறை செய்ய வேண்டிய பயிற்சியில் பன்னிரண்டாவதில் எண்ணிக்கையை விட்டுவிடுவார். மீன் தொழிற்சாலைக் கதையை ஒரே மணி நேரத்தில் இரண்டு முறை சொன்னார், இரண்டு முறையும் அதே இடத்தில் சிரித்தார். ஜன்னலிலிருந்து வெளியே வந்ததும் சுவரில் இருக்கும் கம்பியைச் சும்மா பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருடைய விரல் நகங்கள் வெளுத்திருக்கும்.

குறிப்பில் தலையடி பற்றி ஒரே வரிதான் இருந்தது: லேசானது, சோதனையில் பழைய அளவுக்கு வந்துவிட்டது. அந்தச் சோதனையைப் பற்றி அவரே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னார்.

"ஒவ்வொரு வருசமும் பருவம் தொடங்க முதல் கம்ப்யூட்டரில ஒரு சோதனை வைப்பினம் அக்கா. ஞாபகம், வேகம், அப்பிடி. பிறகு தலை அடிபட்டா திரும்ப அதையே வைச்சு ரெண்டையும் ஒப்பிட்டுப் பாப்பினம்."

"சரி."

"அப்ப முதல் சோதனையில வேணுமெண்டே பிழை விடவேணும். கொஞ்சம் மந்தமான ஆள் மாதிரி. பிறகு அடிபட்டாலும் பழைய மாதிரித்தான் இருக்கிறான் எண்டு கம்ப்யூட்டர் சொல்லும்."

"அப்ப நீங்க...?"

"எல்லாரும் செய்யிறதுதானே."

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் எல்லிங்ஸ்ருட்டில் என் வீட்டு மணி அடித்தது. திறந்தால் அவருடைய மனைவி தர்ஷினி. மையத்துக்கு இரண்டு முறை அவரோடு வந்திருக்கிறாள், அவ்வளவுதான் பழக்கம். அவர்கள் வீடு நகரத்தின் மறுகோடியில், ஹவுகெட்டோவில். ஒரு ரயிலும் ஒரு மெட்ரோவும் பிடித்து வந்திருக்கிறாள். கையில் வெள்ளித் தாளில் சுற்றிய தட்டு.

"பொரிச்ச ரோல்ஸ் அக்கா. மகனுக்கு."

குளிர்க்கோட்டைக் கழற்றாமல் சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே ஆறவிட்டாள். பிறகு பேசினாள்.

"போன கிழமை பிள்ளையை நேசரியில விட்டிட்டு வாறன் எண்டு வெளிக்கிட்டவர். அது எங்கட வீட்டில இருந்து அஞ்சு நிமிசம். அரை மணித்தியாலம் கழிச்சு ஸ்டேஷனில நிண்டு எனக்கு போன் எடுக்கிறார். 'நான் ஏன் இஞ்சை வந்தனான்?' எண்டு கேக்கிறார். பக்கத்தில பிள்ளையின்ரை சத்தம் கேக்குது. 'அப்பா, அப்பா' எண்டு."

தட்டைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

"வீட்டில கர்ட்டனைத் திறக்கவிடமாட்டார். தலை நோகுதோ எண்டு கேட்டா, 'உனக்கு இண்டைக்கு வேலை எப்பிடி?' எண்டு கேப்பார். கலியாணம் கட்டின புதுசில எனக்கு அது பெரிய சந்தோசம் அக்கா. மற்ற ஆம்பிளையள் தங்களைப் பற்றித்தான் கதைப்பினம், இவர் என்னைப் பற்றிக் கேக்கிறாரே எண்டு." அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "இப்ப அவர் அப்பிடிக் கேட்டா எனக்குப் பயமாக் கிடக்கு."

கிளம்பும்போது வாசலில் நின்று, "நான் வந்து சொன்னதெண்டு அவருக்குத் தெரியக்கூடாது அக்கா. தெரிஞ்சா என்னோடை கதைக்கமாட்டார்," என்றாள்.

"தெரியவராது. கவலைப்படாதீங்க," என்றேன்.

அந்த ரோல்ஸை என் மகன் அன்றே தின்று தீர்த்தான். நான் ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தேன். திங்கள் காலை பந்தய அமைப்பின் மருத்துவரிடம் தொலைபேசியில் பேசுவது என்று முடிவெடுத்தேன். திங்கள் காலை, அவள் கேட்டுக்கொண்டாளே, வாக்குக் கொடுத்தோமே என்று தோன்றியது. செவ்வாய்க்கிழமை, தலை என் துறை இல்லை, நான் எலும்புக்கும் தசைக்கும்தான் பொறுப்பு என்று தோன்றியது. புதன்கிழமை சோதனை.

பந்தய அமைப்பிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். உண்மையான காரின் கூண்டையே கொண்டுவந்து கூடத்தில் இறக்கினார்கள். அவர் தலைக்கவசம் மாட்டி உள்ளே இறங்கினார். விசில் ஊதியதும் வார்கள் தெறித்தன, ஸ்டியரிங் வெளியே விழுந்தது, வலை விலகியது, அவர் வெளியே நின்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் அவர் கையைப் பார்த்தேன். கூண்டின் குழாயைப் பிடித்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் அப்படியே சில கணம் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர் கையை எடுத்துவிட்டு எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.

படிவத்தை என்னிடம் தந்தார்கள். இடுப்பு: தகுதி. குதிகால்: தகுதி. தோள்: தகுதி. கடைசியில் ஒரு கட்டம், வேறு எதையாவது கவனித்தீர்களா என்று. 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மே மாதம் முதல் பந்தயம். என் கணவரும் மகனும் நானும் மடிக்கணினியில் பார்த்தோம். ஐந்தாவதாக வந்தார். அன்று மாலையே என்னைக் கூப்பிட்டு, "அக்கா, இந்தக் குதிகால் உங்கடதான்," என்றார். எனக்குத் தூக்கமே வராத அளவுக்குச் சந்தோஷம். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, நான்தான் வீணாகப் பயந்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூலையில் நடந்தது மிகச் சின்ன விபத்து. பின்னால் வந்த கார் லேசாகத் தட்டியது, அவருடைய கார் திரும்பிப் பக்கவாட்டில் சுவரில் உரசி நின்றது. அதைவிடப் பெரிய மோதல்கள் அன்று இரண்டு மூன்று நடந்திருந்தன. வலை விலகியது, அவர் ஜன்னல் வழியாக வெளியே வந்தார், கூட்டத்துக்குக் கையசைத்தார். வர்ணனையாளர் பாராட்டினார். நானும் மூச்சுவிட்டேன். மற்றதைத் தர்ஷினி பிறகு சொல்லித்தான் தெரியும். குழுவின் கூடாரத்துக்கு நடந்து போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். "அப்பா வந்திட்டாரோ?" என்று தமிழில் கேட்டிருக்கிறார். அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. அவருடைய அப்பா இறந்து வெகுகாலம் ஆகிறது. பிறகு வாந்தி, பிறகு நினைவில்லை.

ஒஸ்லோவுக்குக் கொண்டுவந்த பிறகு மருத்துவமனையின் நடைவழியில் தர்ஷினியைப் பார்த்தேன். அவளைத் தொடப் போனேன். அவள் விலகினாள்.

"நான் ஏன் அக்கா ரோல்ஸும் பொரிச்சுக்கொண்டு அவ்வளவு தூரம் வந்தனான்?"

"நீங்கதானே தெரியக்கூடாதுன்னு சொன்னீங்க..."

"நான் சொன்னதெண்டு தெரியக்கூடாதெண்டுதான் சொன்னனான். நீங்கள் சொல்லக்கூடாதெண்டு நான் சொல்லேல்லையே." அவள் குரலை உயர்த்தவில்லை. "நான் அவருக்கு மனிசி, பெண்சாதி. நான் சொன்னா அது சண்டை. நீங்கள் சொன்னா அது வைத்தியம். அதுக்குத்தானே வந்தனான்."

அன்றே மருத்துவரிடம் போய் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மார்ச்சில் சொல்லியிருந்தால் உதவியிருக்கும் என்றார். எங்கள் மேலாளரிடமும் சொன்னேன். எனக்கு எழுத்து மூலமாக ஓர் எச்சரிக்கை வந்தது. வரவேற்பறைப் படத்தை நானே கழற்றினேன்.

அவர் இரண்டு மாதம் இருட்டறையில் கிடந்தார். மீண்டும் பந்தயம் ஓட்ட முடியாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. சாதாரணக் காரின் உரிமத்தையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இலையுதிர் காலத்தில் நடக்கப் பழக்க வேண்டிய நேரம் வந்தபோது தர்ஷினி கூப்பிட்டாள். "வேறை ஆரோடையும் போகமாட்டன் எண்டு நிக்கிறார். எனக்கு விருப்பமில்லை. எண்டாலும் வாங்கோ."

வியாழக்கிழமைகளில் ஹவுகெட்டோ போகத் தொடங்கினேன். ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்தில் ஆற்றோரமாக ஒரு பாதை இருக்கிறது. முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து. அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்து நடப்பார். எதிரே நாயோடு யாராவது வந்தால் ஒதுங்கி நின்று போகவிடுவார். ஐந்து வாரம் அப்படி நடந்தோம். ஒவ்வொரு வாரமும் சொல்லிவிட வேண்டும் என்று போய், சொல்லாமல் திரும்பினேன். ஆறாவது வாரம் சொன்னேன்.

"எனக்கு முன்னாடியே தெரியும். தர்ஷினி வந்து சொன்னாங்க. அவங்க சொல்றதுக்கு முன்னாடியே நான் பாத்துட்டேன். அந்தப் படிவத்துல 'இல்லை'ன்னு எழுதினேன்."

அவர் நடையை நிறுத்தவில்லை.

"தெரியும் அக்கா. அண்டைக்கு நான் குழாயைப் பிடிச்சுக்கொண்டு நிண்டதை நீங்கள் பாத்தனீங்கள். நீங்கள் பாத்ததை நானும் பாத்தனான்."

"அப்ப ஏன்..."

"எனக்குச் சரியான பயம் அண்டைக்கு. கூடம் முழுக்கச் சுத்தின மாதிரி இருந்தது. நான் டொக்டர்மாரை ஏமாத்துவன், கம்ப்யூட்டரை ஏமாத்துவன். உங்களை ஏமாத்த ஏலாது எண்டு தெரியும். அதாலை உங்கட முகத்தைத்தான் பாத்தனான். நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. கையெழுத்து வைச்சனீங்கள்." பாதையில் கிடந்த ஒரு கிளையைச் சுற்றி நடந்தார். "அப்ப எனக்கு ஒண்டுமில்லையாக்கும் எண்டு நினைச்சன். உண்மையா நம்பினன். அண்டைக்கு இரவு தர்ஷினியிட்டையும் சொன்னனான், அக்கா பாத்திட்டா, பிரச்சினை இல்லை எண்டு."

குரலில் குற்றச்சாட்டு இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.  

அதற்குள் சின்ன மரப்பாலம் ஒன்று வந்தது. அதன் நடுவில் அவர் நின்றார். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, என் மகனைப் பற்றி ஏதோ கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"தலை சுத்துது," என்றார். "கண்ணும் சரியாத் தெரியேல்லை. நடக்க ஏலாமல் கிடக்கு."

தோளைக் கொடுத்தேன். முழு எடையையும் என் மேல் போட்டுச் சாய்ந்தார். குள்ள மனிதர்தான், ஆனால் கனம். மெல்ல மெல்லப் பாலப் பலகையிலேயே இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பலகை ஈரமாக இருந்தது.

"வலி எங்க, முன்பக்கமா, பின்பக்கமா?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, என் கையை எடுத்துத் தன் பின்னந்தலையில், காதுக்குச் சற்று மேலே வைத்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். மார்ச்சில் தொடங்கியது, அதற்கும் முன்னால் தொடங்கியது, பல வருடங்களுக்கு முன் வேறொரு ஊரில் வேறொரு சுவரில் தொடங்கியது. நான் கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்களைத் தேடிக்கொண்டு தர்ஷினி பாதையில் வரும்வரை அவர் சொல்லி முடித்திருக்கவில்லை.